நீளத்தெரு வழியாக வந்த வலி

ஒரு செவ்வாய்க்கிழமை காலை உப்பளத்து வரப்பில் செல்லக்கனியின் குதிகாலில் உடைமுள் ஒன்று விரல் நீளத்துக்கு ஏறியபோது அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் நீளத்தெருவின் முதல் வீட்டில் டீ ஆற்றிக்கொண்டிருந்த மிக்கேல் அண்ணாச்சி "எம்மோ" என்று குவளையைப் போட்டுவிட்டு இடது காலைத் தூக்கிக்கொண்டார், இரண்டாம் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தவள் தூக்கிக்கொண்டாள், மூன்றாம் வீட்டில் படுத்திருந்தவன் தூக்கத்திலேயே தூக்கிக்கொண்டான், இப்படி வீட்டுக்கு வீடு ஒற்றைக் காலில் நின்று நின்று அந்த வலி நாற்பத்திரண்டு வீடுகளையும் கடந்து கடைசி வீட்டில் இருந்த செல்லக்கனியிடம் வந்து சேர்ந்தபோது புதன்கிழமை விளக்கு வைக்கிற நேரமாகியிருந்தது. வந்ததும் வலியாக வரவில்லை, லேசான நமைச்சலாக வந்தது. அவள் காலைச் சொறிந்துவிட்டு மீன்குழம்பை இறக்கிவைத்தாள்.

நீளத்தெரு உப்பளத்தின் வரப்பு முடிகிற இடத்தில் தொடங்கி, ஒரே வரிசையாக, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போகும். ஏழு வீட்டுக்கு ஒரு சந்து, மொத்தம் ஐந்து சந்து. கடைசி வீட்டில் செல்லக்கனியும் அவள் புருஷன் லிங்கத்துரையும் இருந்தார்கள். நட்டநடுவில், மூன்றாம் சந்தின் முனையில், லிங்கத்துரையின் அக்கா தங்கபுஷ்பம் பன்னிரண்டு கோழிகளோடு இருந்தாள். அம்மா செத்த பிறகு தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான். கட்டிக்கொண்டு போன இடத்தில் நாலு வருஷம், அதில் பிள்ளை இல்லை, பிறகு புருஷனும் இல்லை, திரும்பி வந்து இந்த முனைவீட்டில் உட்கார்ந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. பகலில் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். சாத்தினால் அது பக்கத்து வீட்டுக்கு "உன் முகத்தில் இனி விழிக்க மாட்டேன்" என்று ஆள் விட்டுச் சொன்னதற்குச் சமம். நல்லதோ கெட்டதோ தெருவில் எது போனாலும் எல்லோரும் வாசலுக்கு வந்து நிற்க வேண்டும், ஆளுக்குக் கொஞ்சம் அதில் பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும், வெளியூர் புறப்படுகிற ஆளுக்கு ஒரு சிட்டிகை உப்பைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.

ஆகவே செல்லக்கனியின் இடுப்புக்குக் கீழே படுவதெல்லாம் அவள் உடம்பை விட்டு இறங்கி, உப்பளத்து வரப்பிலிருந்து புறப்பட்டு, தெருவழியாக நடந்துதான் அவளிடம் போகிறது என்று தெரிந்ததும் யாரும் பெரிதாக மலைத்துப் போகவில்லை. அவள் எங்கே இருந்தாலும் அது ஏன் உப்பளத்திலிருந்தே கிளம்புகிறது என்று ஒரே ஒருவன் கேட்டான். காலுக்கு வேலை அங்கேதானே என்று மற்றவர்கள் அவன் வாயை அடைத்தார்கள். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. கொதிக்கிற உப்புத் தண்ணீரில் அவள் கால் வைத்தால் மிக்கேல் அண்ணாச்சி பாதத்தை ஈரச் சாக்கில் வைத்துக்கொண்டு வியாபாரத்தைப் பார்ப்பார். "செல்லக்கனி கால் போகுது, ஒதுங்கு" என்று சைக்கிளை நிறுத்துவார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி அதற்கு ஒரு சிட்டிகை உப்பைத் தூவி, "பாவம், அவ ஒருத்தியே எப்படித் தாங்குவா" என்று கொஞ்சத்தைத் தன் காலில் வாங்கிக்கொள்வாள். எல்லோரையும் விட அதிகமாக வாங்கிக்கொண்டது தங்கபுஷ்பம். தம்பி பெண்டாட்டி மேல் அவளுக்கு அப்படி ஒரு பாசம். வலி அவள் வாசலுக்கு வந்ததும் "வா தாயி, உள்ள வா" என்று அழைத்துப் பாதிக்கு மேல் வைத்துக்கொள்வாள். அப்போதெல்லாம் அவளுடைய கொல்லைக் கதவுக்கு வெளியே சாம்பல் மேட்டைக் கிளறிக்கொண்டிருந்த கோழிகளும் வரிசையாக ஒற்றைக் காலில் நின்றன. கோழிகளுக்கும் செல்லக்கனி மேல் பிரியம்தான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இப்படி ஒன்றரை வருஷம் போனது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, செல்லக்கனி முழுகாமல் இருந்தாள்.

தெருவே அவளைத் தாங்கியது. உப்பளத்துக்குப் போகாதே என்றார்கள், குனியாதே என்றார்கள், தங்கபுஷ்பம் வீட்டில் நெத்திலிக் குழம்பு, இன்னொரு வீட்டில் முருங்கைக்கீரை. ஆறாம் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலை மிக்கேல் அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏ, என்னமோ உள்ளாற உதைக்குவே!" இரண்டாம் வீடு சிரித்தது, மூன்றாம் வீடு சிரித்தது, ஏழு பிள்ளை பெற்றவர்கள்கூட புதிதாகப் பெறப்போகிறவர்கள்போல வயிற்றைத் தடவிக்கொண்டு வாசலில் நின்றார்கள். உதை மூன்றாம் சந்துக்கு வந்தபோது தங்கபுஷ்பம் கதவருகே நின்றிருந்தாள். அது அவள் அடிவயிற்றில் ஒரு மீன் வாலடித்துத் திரும்புவதுபோல் ஒரு முறை புரண்டது. நாற்பத்தாறு வயதில் முதல் தடவை. அவள் முந்தானையை இழுத்து அதை மூடிக்கொண்டு உள்ளே போய், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் செல்லக்கனியைப் பார்க்கப் போனாள். செல்லக்கனி வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மைனி, அது உதைக்குதாமே? தெருவுல எல்லாரும் சொல்லுதாவ."

"ஆமாட்டி."

"எனக்கு ஒண்ணுமே வரல. கையை வச்சா கைக்குத் தெரியுது, உள்ள ஒண்ணுமே இல்ல." பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டாள். "எப்படி இருக்கு மைனி? சொல்லுங்களேன்."

திருடின வீட்டிலேயே உட்கார்ந்து, திருடின பொருள் எப்படி இருந்தது என்று வர்ணிக்கச் சொன்னால் யார் வர்ணிப்பார்கள்? "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

அடுத்த வாரம் அவளே செல்லக்கனியைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நரம்பு டாக்டர் நஸ்ரின் செல்லக்கனியின் காலில் சின்னச் சுத்தியலால் தட்டிவிட்டு, பதில் வருவதற்காகக் காத்திருந்தார். "அது நாளைக்கு விளக்கு வைக்கையிலதான் வரும் டாக்டரம்மா, நமைச்சலா" என்று தங்கபுஷ்பம் விளக்கினாள். டாக்டர் ஆச்சரியப்படவில்லை, ஆஸ்பத்திரி சீட்டின் பின்பக்கத்தில் ஒரு நீளக் கோடு போட்டு, அதன் மேல் விட்டுவிட்டுக் கட்டம் கட்டமாக வரைந்தார்.

"இது நரம்பு. மேல இப்படி ஒரு உறை சுத்தியிருக்கும். முழுசா இருக்காது, அங்கங்க சின்ன இடைவெளி விட்டிருக்கும். உப்பு உள்ளே போற கதவெல்லாம் அந்த இடைவெளியிலதான் நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்கும். உறைக்கு அடியில அந்தக் கதவு கிடையாது. அதனால சேதி நடந்து போகாது, இடைவெளிக்கு இடைவெளி தாவும். ஒவ்வொரு இடத்துலயும் உப்பைக் குடிச்சுப் புதுசாகித் தாவும்."

"உப்புன்னா, நம்ம உப்பா?"

"அதுல இருக்கிற சோடியம். இன்னொரு வகைக் கதவும் இருக்கு. அது வழியா பொட்டாசியம் வெளியே போகும். சாம்பல்ல இருக்கே, அந்தச் சத்து. அந்தக் கதவு இடைவெளியில இருக்காது, கொஞ்சம் தள்ளி, உறைக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். ரெண்டு வகையும் கலந்துடக் கூடாதுன்னு நடுவுல உறை நரம்போட தையல் போட்ட மாதிரி இறுக்கமா ஒட்டியிருக்கும். உறை உரிஞ்சு தையலும் விட்டுப்போச்சுன்னா எல்லாம் கலைஞ்சிடும். உப்புக் கதவு கண்ட இடத்துல நிக்கும். சாம்பல் கதவு வெளியே தெரிஞ்சு, சேதி அது வழியா ஒழுகிடும்."

தங்கபுஷ்பம் சீட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நீளக் கோடு. கட்டம், இடைவெளி, கட்டம், இடைவெளி. அவளுக்குச் சாம்பல் மேட்டில் நின்ற கோழிகள் ஞாபகத்துக்கு வந்தன.

"டாக்டரம்மா, இது எங்க தெருல்லா!" என்றாள்.

டாக்டர் மாத்திரை எழுதினார், மாத்திரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கேட்கும் என்றார், பிறகு குரலைத் தாழ்த்தித் தங்கபுஷ்பத்திடம் மட்டும் சொன்னார்: "பிரசவ வலி வந்தா அவங்களுக்குத் தெரியணும். தெரியாம ரெண்டு நாள் போச்சுன்னா பிள்ளை தாங்காது." முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பார்த்தார்கள். ஐந்து நாள் அவள் காலில் பட்டதெல்லாம் தெருவழியாக வந்து, நாற்பத்திரண்டாம் வீட்டில் ஆள் இல்லாததைப் பார்த்து, வாசற்படியில் குவிந்து கிடந்தது. திரும்ப அழைத்து வந்துவிட்டார்கள். நர்ஸ் ரோஸ்மேரி ஒன்பதாம் மாசம் அந்த வீட்டிலேயே வந்து தங்குவதாகச் சொன்னாள்.

தங்கபுஷ்பம் தெருவைக் கூட்டினாள். டீக்கடை முன்னால் எல்லோரும் வந்து நின்றபோது, சீட்டைப் பிரித்துக் காட்டிச் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்: வரிசையில் எல்லா வீடும் கதவைச் சாத்தணும். சாத்தினது போதாது, ஏழு ஏழு வீடாகச் சேர்த்து மூடணும். உப்பை வாசலுக்கு வாசல் தூவக் கூடாது, ஏழு வீட்டு உப்பும் ஆளும் சந்தில் ஒன்றாக நிற்கணும். சாம்பல் மேட்டுப் பக்கம் திறக்கிற கொல்லைக் கதவுகளை மறைக்கணும்.

சத்தம் கிளம்பியது. "அவ நோவு தெருவுல போகையில நான் கதவைச் சாத்தவா?" என்றார் மிக்கேல் அண்ணாச்சி. "நாளைக்கு என் பொணம் போகையில யாரு கதவைத் திறப்பா?"

"அண்ணாச்சி, நாம அவ நோவைப் பங்கு போடல. தின்னுட்டோம்." தங்கபுஷ்பம் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "பிள்ளை உதைச்சுது. தெருவுல ஒருத்தர் பாக்கியில்லாம அனுபவிச்சோம். பெத்தவளுக்கு ஒண்ணு போய்ச் சேரல. நான்தான் பெரிய திருடி. அந்த மொத உதையை நான் பொழுதடையிற வரைக்கும் வச்சிருந்தேன்."

கூட்டத்தில் இருந்த ஆறுமுகத்தாய், சந்துக்கு அந்தப் பக்கத்து முனைவீட்டுக்காரி, கோழி விவகாரத்தில் தங்கபுஷ்பத்தோடு நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவள், யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்: "பேறுகால நோவைப் பத்தி மலடி வந்து சட்டம் பேசுதா. பெத்தவளுக்கில்லா தெரியும்."

மிக்கேல் அண்ணாச்சி "ஏ ஆறுமுகத்தாய்" என்று அதட்ட வாயெடுத்தார். தங்கபுஷ்பம் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அவ சொல்லுதது சரிதான். எனக்குத் தெரியாது. அதான் பயமா இருக்கு. அந்த நோவு என் சந்துக்கு வரும். இத்தனை வருஷமா வராதது வரும். வந்தா நான் விடுவேனா, பிடிச்சு வச்சுக்கிடுவேனான்னு எனக்கே தெரியல."

அதற்குப் பிறகு யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆறுமுகத்தாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், கூட்டம் கலைகிறபோது தங்கபுஷ்பத்தின் பக்கத்தில் வந்து, "ஒங்கிட்ட நான் நிக்கேன். உன் கொல்லைக் கதவுக்கும் சந்துக்கும் நடுவுல சாக்கை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். இந்தப் பக்கத்து உப்பு அந்தப் பக்கம் போகாது, சாம்பல் இங்கன வராது" என்றாள். கோழியைப் பற்றி இருவரும் எதுவும் சொல்லவில்லை.

மழைக்கு உப்பு அம்பாரங்களை மூடுகிற பனையோலையும் தார்ப்பாயும் உப்பளத்திலிருந்து வண்டி வண்டியாக வந்தன. ஏழு வீட்டை ஒரு பொட்டலமாக, சுற்றுக்கு மேல் சுற்றாக, இடுக்கில்லாமல் மூடினார்கள். சந்துகளில் கூடை கூடையாக உப்பு. முனைவீடுகளின் கொல்லைக் கதவுகளைத் தார்ப்பாய்க்கு அடியில் மறைத்து, ஓரத்தில் சாக்கை இழுத்துப் பிடித்து ஆள் நின்றார்கள். தூவினவர்கள் உடனே மறுபடி தூவக் கூடாது, தூவினால் வலி வந்த வழியே திரும்பிவிடும் என்பதையும் இரண்டு மூன்று முறை தப்புச் செய்து கற்றுக்கொண்டார்கள். ஒருநாள் முழுக்க ஒரு கிள்ளு முதல் சந்துக்கும் இரண்டாம் சந்துக்கும் நடுவே போவதும் வருவதுமாகவே இருந்தது. லிங்கத்துரை தினமும் பொண்டாட்டியின் கால் கட்டைவிரலைக் கிள்ளிவிட்டு எண்ணுவான். முதல் நாள் ஒரு மணி நேரம் ஆனது. பிறகு அரைமணி. பிறகு நூறு எண்ணுவதற்குள். கடைசியில் அவன் கிள்ளி ஒன்று என்று சொல்வதற்குள் அவள் அவன் தலையில் குட்டினாள்.

எட்டாம் மாசம் ஒரு திங்கட்கிழமை, சந்துகளில் முறைக்கு நின்றவர்கள் போக, வரிசையாகச் சாத்தியிருந்த கதவுகளுக்குப் பின்னால் தெரு சோறு தின்றுகொண்டிருந்தபோது, சந்துகளில் உப்பு ஐந்து தடவை சரசரத்தது. அடுத்த நொடி கடைசி வீட்டில் செல்லக்கனி "மைனீ" என்று போட்ட சத்தம் தார்ப்பாய் எல்லாவற்றையும் தாண்டிக் கேட்டது. உதை போய்ச் சேர்ந்துவிட்டது. மூடிய வீடுகளுக்குள் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எதுவும் தெரியாமல் இருப்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று மிக்கேல் அண்ணாச்சி அன்றுதான் அறிந்தார், அழுதுகொண்டே இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார்.

பங்குனி மாசத்து உச்சிவெயிலில், உப்புப் பாத்திகள் கண்ணைப் பறிக்கிற நேரத்தில், வரப்பிலிருந்து அது கிளம்பியது. முதல் சந்தில் நின்றவர்கள் தூவினார்கள். இரண்டாம் சந்தில் தூவினார்கள். மூன்றாம் சந்தில் தங்கபுஷ்பம் இரண்டு கை நிறைய உப்போடு எல்லோருக்கும் முன்னால் நின்றிருந்தாள். அவள் கை விழுந்தால்தான் மற்ற கைகள் விழும் என்று பேச்சு. ஆறுமுகத்தாய் ஒரு கையால் சாக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

வந்தது. இடுப்பின் பின்பக்கத்தில் தொடங்கி, இரண்டு பக்கமும் சுற்றி வந்து, முன்னால் முடிச்சுப் போட்டு இறுக்கியது. இதைத்தான் இருபது வருஷமாக ஊரில் பொம்பளைகள் தன்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றிக்கொண்டு மறைத்தார்கள் என்று தங்கபுஷ்பத்துக்குப் புரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கை திறக்கவில்லை. எத்தனை நாள் சாமி முன்னால், கோயில் மரத்தில் தொட்டில் கட்டிக் கேட்டது. கடைசியில் வெறும் காலோடு தெருவில் நடந்து தன் வாசலுக்கு வந்து நிற்கிறது. ஒன்றே ஒன்றைத் தான் வைத்துக்கொண்டால் என்ன? அடுத்தது வரும், அதை அனுப்பினால் போகிறது.

நாலாம் சந்திலிருந்து லிங்கத்துரை கூப்பிட்டான். "யக்கா! வருதா? யக்கா!"

"விடுட்டி" என்றாள் ஆறுமுகத்தாய் மெதுவாக. அவளும் அழுதுகொண்டிருந்தாள். "விடு தாயி. அவ பிள்ளை."

தங்கபுஷ்பம் இரண்டு கையையும் விரித்தாள். உப்பு விழுந்தது, பின்னால் பதினான்கு கைகள் உப்பைக் கொட்டின, வலி அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு நாலாம் சந்துக்குத் தாவியது, அங்கிருந்து ஐந்தாம் சந்துக்கு. கடைசி வீட்டிலிருந்து அலறல் எழுந்தது. "வந்துட்டு, வந்துட்டு!" என்று நர்ஸ் ரோஸ்மேரி வாசலில் வந்து கையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் அது வந்துகொண்டே இருந்தது, பத்து நிமிஷத்துக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தங்கபுஷ்பத்தின் கை விரிந்தது. உள்ளங்கை உப்பில் வெடித்து ரத்தம் கசிந்தது. ஒன்றைக்கூட அவள் வைத்துக்கொள்ளவில்லை. பிறகு அது நின்றது. சந்துகளில் எல்லோரும் கையில் உப்போடு ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். அப்புறம் கடைசி வீட்டில் ஒரு பிள்ளை அழுதது. அந்த அழுகை மட்டும் தெருவழியாக நடந்து வராமல், எல்லா அழுகையும்போல் காற்றில் வந்தது.

தெரு மொத்தமும் ஓடிப் போய்ப் பார்த்தது. பெண்பிள்ளை. தங்கபுஷ்பம் போகவில்லை. கையைக் கழுவிவிட்டு, கோழிகளைக் கூட்டில் அடைத்துவிட்டு, வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டாள். ஒரு நொடி வைத்திருந்தோமே, அந்த ஒரு நொடி அங்கே தெரிந்திருக்குமோ என்று அவளுக்கு ஆறவில்லை. மூன்றாம் நாள் காலை லிங்கத்துரை வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

செல்லக்கனி சுவரில் சாய்ந்திருந்தாள். முகம் வெளிறி, நிறைந்திருந்தது.

"ஏன் மைனி வரல?"

"கோழி…" என்று ஆரம்பித்துத் தங்கபுஷ்பம் நிறுத்திக்கொண்டாள்.

"மொத வலி மட்டும் கொஞ்சம் சுணங்கி வந்துச்சு."

தங்கபுஷ்பம் தரையைப் பார்த்தாள். "நான்தான்ட்டி. நான்தான் பிடிச்சு வச்சேன். ஒரு நொடிதான்."

"தெரியும்." செல்லக்கனி அவளையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "மத்த வலியெல்லாம் என்னோடது. அது மட்டும் ஒங்களோடது மாதிரி இருந்துச்சு. அதுல இருபது வருஷம் இருந்துச்சு மைனி. நான் அலறினது அதுக்குத்தான். இத்தனையையும் வச்சுக்கிட்டா நீங்க சிரிச்சுக்கிட்டு நெத்திலிக் குழம்பு கொண்டாந்தீங்கன்னு." அவள் மடியிலிருந்த துணிப்பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். "பிடிங்க. நோவுல பங்கு உண்டுன்னா பிள்ளையிலயும் உண்டும்லா."

தங்கபுஷ்பம் வெடித்த கைகளால் வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். நீளத்தெருவில் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. இப்போது அந்தத் தெருவில் சாத்திய கதவுக்கு வேறு அர்த்தம் வந்துவிட்டது, உள்ளே உன்னை நினைத்துக்கொண்டிருக்கிறோம், நீ நிம்மதியாகக் கடந்து போ என்று. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைப் புரிந்துகொள்ளாமல் கோபித்துக்கொண்டு திரும்பிப் போகிறார்கள்.

பிள்ளை கொட்டாவி விட்டது, நெளிந்தது, காலை மடக்கி ஓங்கி அவள் விலாவில் ஒரு உதை விட்டது. அது உப்பளத்துக்குப் போகவில்லை, வரப்பில் கிளம்பவில்லை, எந்தச் சந்திலும் நிற்கவில்லை. பட்ட இடத்திலேயே, பட்ட நொடியிலேயே, தங்கபுஷ்பத்துக்கு வலித்தது. தெருவில் வேறு யாருக்கும் அது தெரியவில்லை.